ஓஆர்எம் போட்டும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் வருமா? தணிக்கை அறிக்கைக்கு என்ன பதில் எழுதுவது?

மூன்றாம்மாடி:

வணக்கம் நண்பர்களே. ஒரு மொத்த வியாபார நிறுவனத்துக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த சரக்கிருப்பு மென்பொருள் சில வருடங்களாக நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பைத்தான் கட்டமைப்பான ஜாங்கோ, பதிப்பு 3.2.12, பின்னால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். இந்த முறை வாடிக்கையாளர் வெளியிலிருந்து ஒரு பாதுகாப்புத் தணிக்கைக் குழுவை வைத்துப் பார்த்தார். அவர்கள் கொடுத்த அறிக்கையில் மூன்று இடங்களைச் சிவப்பில் குறித்திருக்கிறார்கள், மூன்றுமே பயனர் அனுப்புவது டேட்டாபேஸுக்கான கட்டளைக்குள்ளேயே புகுந்துவிடும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்.

முதலாவது, மாதாந்திர அறிக்கைப் பக்கம். அந்தக் குவெரி ஓஆர்எம்முக்கு (பைத்தான் கோடிலிருந்து எஸ்க்யூஎல்லைத் தானே எழுதித் தரும் ஜாங்கோவின் அடுக்கு) அடங்காத அளவு பெரியது என்பதால் நேரடி எஸ்க்யூஎல்லாக எழுதியிருக்கிறோம். தேதி, கிளை, பொருள் வகை எல்லாம் ப்ளேஸ்ஹோல்டர் வழியாகத்தான் போகிறது. எந்த நெடுவரிசையின்படி வரிசைப்படுத்துவது என்பது மட்டும் யூஆர்எல்லில் சார்ட் என்ற பாராமீட்டராக வந்து எஃப்-ஸ்ட்ரிங்கில் (மதிப்பை நேராகச் சரத்துக்குள் வைக்கும் பைத்தான் வசதி) ஒட்டப்படுகிறது. இரண்டாவது, தேடல் பக்கம். அங்கே யூஆர்எல்லில் வரும் எல்லாவற்றையும் ஒரு டிக்‌ஷனரியாக எடுத்து, இரட்டை நட்சத்திரம் போட்டு அப்படியே ஃபில்டருக்குள் விரித்துவிடுகிறோம். புதிய தேடல் கட்டம் சேர்த்தால் பின்னால் கோடு மாற்ற வேண்டாம் என்பதால் அப்படிச் செய்தது. மூன்றாவது, ஜாங்கோ பதிப்பே பழையது, அதில் அறியப்பட்ட இன்ஜெக்‌ஷன் ஓட்டைகள் உண்டு என்கிறார்கள்.

எங்கள் டீம் லீட் சொல்வது: ஓஆர்எம் இருக்கும்போது இன்ஜெக்‌ஷன் வர வழியே இல்லை, இது தவறான எச்சரிக்கை, அப்படியே எழுதி அனுப்பு. எனக்கு மனம் ஒப்பவில்லை. முதலாவது இடத்தைச் சரிசெய்யலாம் என்று சார்ட் பெயரையும் ப்ளேஸ்ஹோல்டராகக் கொடுத்துப் பார்த்தேன். பிழை எதுவும் வரவில்லை, ஆனால் எந்த நெடுவரிசையைக் கொடுத்தாலும் பட்டியலின் வரிசை மாறவே மாட்டேன் என்கிறது. அப்புறம் இன்னொருவர், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், அரைப்புள்ளி, இரட்டைக் கோடு ஆகிய நான்கையும் நீக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதித் தந்தார். அது போதுமா? ஓஆர்எம் பற்றி லீட் சொல்வது எவ்வளவு தூரம் சரி?

ஏரிக்கரை:

தவறான எச்சரிக்கை என்று எழுதி அனுப்ப வேண்டாம். மூன்றும் உண்மையான ஓட்டைகள்தான். நான் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் புரிவதற்கு அதுதான் வழி.

ப்ளேஸ்ஹோல்டர் என்ன செய்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். டேட்டாபேஸ் ஒரு குவெரியை வாங்கியதும் முதலில் அதன் இலக்கணத்தைப் பிரிக்கிறது: எந்த டேபிள், எந்த நெடுவரிசை, எதோடு எது சேர்கிறது, எந்த வரிசையில் தர வேண்டும். அதன்பிறகுதான் மதிப்புகள். அச்சடித்த ரசீதுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கோடிட்ட இடத்தில் நீங்கள் எந்தத் தொகையையும் எழுதலாம், ஆனால் அச்சடித்த தலைப்பை அந்த இடத்திலிருந்து மாற்ற முடியாது. ப்ளேஸ்ஹோல்டர் என்பது அந்தக் கோடிட்ட இடம். நெடுவரிசைப் பெயர், டேபிள் பெயர், ஏறுவரிசையா இறங்குவரிசையா, ஆண்ட் / ஆர், ஏலியஸ் (மாற்றுப்) பெயர் எல்லாம் அச்சில் இருக்கும் பகுதி. அவற்றை பைண்ட் செய்ய (ப்ளேஸ்ஹோல்டர் வழியாகக் கொடுக்க) எந்த டேட்டாபேஸும் இடம் தருவதில்லை.

உங்களுக்கு வரிசை மாறாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம். மைஎஸ்க்யூஎல்லோடு பேச ஜாங்கோ வழக்கமாகப் பயன்படுத்தும் டிரைவர், நீங்கள் கொடுத்த மதிப்பை எஸ்கேப் செய்து மேற்கோளுக்குள் வைத்து அனுப்புகிறது. அப்போது வரிசையைச் சொல்லும் ஆர்டர் பை-க்குப் பின்னால் விலை என்ற நெடுவரிசை வருவதில்லை, 'விலை' என்ற வெறும் சொல் வருகிறது. எல்லா வரிக்கும் அது ஒன்றே, எனவே மைஎஸ்க்யூஎல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். போஸ்ட்க்ரெஸ்ஸாக இருந்திருந்தால் எண் அல்லாத மாறிலியை ஆர்டர் பை-யில் ஏற்கமாட்டேன் என்று பிழையாவது காட்டியிருக்கும், விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இப்போது அந்த நான்கு குறிகளை நீக்கும் ஃபங்ஷன். அதைத் தூக்கிவிடுங்கள், வைத்திருந்தால் பாதுகாப்பு இருப்பதாக ஒரு நினைப்பு வரும், அது இன்னும் ஆபத்து. மேற்கோள் குறி தேவைப்படுவது மேற்கோளுக்குள் மாட்டிய மதிப்பை உடைத்து வெளியே வரத்தான். உங்கள் சார்ட் ஏற்கெனவே மேற்கோளுக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறது, உடைக்க எதுவும் இல்லை. ஆர்டர் பை-க்குப் பின்னால் நெடுவரிசைப் பெயர் மட்டும்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, எந்த எக்ஸ்பிரஷனும் வரலாம், கேஸ்-வென் வரலாம், அதற்குள் அடைப்புக்குறி போட்டு வேறொரு டேபிளிலிருந்து செலக்ட் வரலாம். வேறு டேபிளைப் பற்றி ஒரு கேள்வியை அங்கே வைத்து, பதில் ஆம் என்றால் எண் வாரியாகவும் இல்லை என்றால் பெயர் வாரியாகவும் வரிசைப்படுத்து என்று சொல்லிவிட்டால், திரையில் பட்டியல் எந்த வரிசையில் வருகிறது என்பதே பதில். பிழைச் செய்தி வேண்டாம், தரவு திரையில் வர வேண்டாம். எழுத்தை எண்ணாகக் கொடுக்க மைஎஸ்க்யூஎல்லில் பதினாறடிமான வடிவம் இருக்கிறது, அதற்கும் மேற்கோள் தேவையில்லை. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு யூசர் டேபிளை முழுக்க எழுத்தெழுத்தாக எடுத்துவிடலாம். மனிதன் உட்கார்ந்து செய்தால் பல நாள் ஆகும், எஸ்க்யூஎல்மேப் போன்ற இலவசக் கருவிகள் அதைத் தானாகவே செய்கின்றன.

சரியான வழி எளிது. நிரலில் ஒரு டிக்‌ஷனரி வையுங்கள். இடப்பக்கம் யூஆர்எல்லில் வரக்கூடிய பெயர்கள், வலப்பக்கம் நீங்கள் கையால் எழுதிய உண்மையான நெடுவரிசைப் பெயர்கள். யூஆர்எல்லில் வந்தது இடப்பக்கத்தில் இருந்தால் வலப்பக்கத்தில் இருப்பது குவெரிக்குப் போகும், இல்லாவிட்டால் இயல்பான வரிசை. பயனர் அனுப்பிய எழுத்துகள் குவெரியைத் தொடவே கூடாது, பயனர் தேர்ந்தெடுக்கிறார், எழுதுவது நீங்கள். ஏறுவரிசை இறங்குவரிசைக்கும் இதே. லிமிட், ஆஃப்செட் இரண்டையும் முழு எண்ணாக மாற்றி, மேல்வரம்பு பார்த்து அனுப்புங்கள். அந்தப் பக்கத்துக்கு மொத்தம் பத்துப் பதினைந்து வரி மாற்றம்தான்.

கல்மண்டபம்:

ஏரிக்கரை சொன்னதோடு, லீட் சொன்ன "ஓஆர்எம் இருந்தால் வராது" என்பதற்குப் பதிலாக ஒரு பழைய சம்பவத்தை எழுதுகிறேன். அவரிடம் இதைக் காட்டுங்கள்.

2014 அக்டோபர் 15, புதன்கிழமை. பிஎச்பியில் எழுதிய தளக் கட்டமைப்பான துருப்பலின் குழு 7.32 பதிப்பை வெளியிட்டது. கூடவே ஒரு அறிவிப்பு, சிவிஇ-2014-3704 (சிவிஇ என்பது அறியப்பட்ட ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்). கண்டுபிடித்தது ஜெர்மனியைச் சேர்ந்த செக்‌ஷன்ஐன்ஸ் நிறுவனத்தினர். ஓட்டை இருந்த இடம் எது என்றால், எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனைத் தடுப்பதற்காகவே துருப்பல் 7-இல் இருந்த டேட்டாபேஸ் அடுக்கு. யாரோ எழுதிய மூன்றாந்தர மாட்யூல் இல்லை, மையக் கோடு. லாகின்கூடச் செய்யாத ஆள் உள்ளே வரலாம்.

எப்படி நடந்தது என்பது உங்கள் இரண்டாவது இடத்துக்கும் (தேடல் பக்கம்) நேரே பொருந்தும். ஒரு பட்டியலில் உள்ள எந்த மதிப்பாக இருந்தாலும் சரி என்று கேட்கும் இன் வகைக் குவெரிகளுக்காக, அந்த அடுக்கு ஒரு ப்ளேஸ்ஹோல்டரைப் பலவாகப் பிரிக்கும். பெயர் என்ற ப்ளேஸ்ஹோல்டருக்கு மூன்று மதிப்புகள் உள்ள அரே வந்தால் பெயர்_0, பெயர்_1, பெயர்_2 என்று மூன்றாக்கும். அந்த 0, 1, 2 எங்கிருந்து வருகிறது? அரேயின் கீயிலிருந்து. எழுதியவர்கள் கீ எப்போதும் எண்ணாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பிஎச்பியில் படிவத்தின் கட்டத்துக்குப் பெயர் வைக்கும்போது சதுர அடைப்புக்குறி போட்டால் அது தானாகவே அரே ஆகிவிடும், அடைப்புக்குறிக்குள் எழுதியது கீ ஆகிவிடும். லாகின் படிவத்தில் பெயர் கட்டத்தை அப்படி மாற்றி அனுப்பினால், அனுப்பியவர் எழுதிய கீ அப்படியே ப்ளேஸ்ஹோல்டர் பெயரின் பகுதியாகி, குவெரியின் உடம்புக்குள்ளேயே போய்விட்டது. மதிப்பை எல்லாரும் காவல் காத்தார்கள், கீயை யாரும் பார்க்கவில்லை. அதற்கு மேல், பிஎச்பி டேட்டாபேஸோடு பேசப் பயன்படும் பிடிஓ இயக்கிகள், குவெரியை முன்கூட்டியே தயார்செய்யும் ப்ரிப்பேரைத் தாங்களே போலச்செய்து அனுப்பும் முறையில் துருப்பல் அதைப் பயன்படுத்தியதால், ஒரு குவெரிக்குப் பின்னால் இன்னொரு குவெரியையும் ஒட்ட முடிந்தது. அதாவது தரவைப் படிப்பதோடு நிற்காமல் புதிதாக ஒரு அட்மின் கணக்கையே சேர்க்கலாம். திருத்தம் என்ன தெரியுமா? அரேயின் கீக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மதிப்புகளுக்குப் புதிதாக எண் கொடுக்கும் ஒரே ஃபங்ஷன் அழைப்பு, ஒரு வரி. 2011-இல் துருப்பல் 7 வந்த நாளிலிருந்து அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 29-இல், துருப்பல் பாதுகாப்புக் குழுவே இன்னொரு அறிவிப்பு விட்டது. அக்டோபர் 15 இரவு யூடிசி 11 மணிக்குள், அதாவது அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் பேட்ச் செய்யாத ஒவ்வொரு துருப்பல் 7 தளமும் உடைக்கப்பட்டுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு செயல்படுங்கள் என்று. நம் நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அறிவிப்பு இரவு 9:30, கெடு விடியற்காலை 4:30. இந்தியாவிலும் இலங்கையிலும் தளம் வைத்திருந்த பெரும்பாலானவர்கள் தூங்கி எழுவதற்குள் கெடு முடிந்துவிட்டது.

அந்த அறிவிப்பில் என் மனதில் நின்ற இன்னொரு விஷயம்: நீங்கள் செய்யாமலேயே உங்கள் தளம் பேட்ச் ஆகியிருந்தால் அது நல்ல செய்தி இல்லை, உள்ளே வந்தவர்களே மற்றவர்கள் வராமலிருக்க ஓட்டையை அடைத்திருக்கலாம் என்றார்கள். பேட்ச் செய்வதால் ஏற்கெனவே வைத்துவிட்டுப் போன பின்கதவு போகாது. சிலர் பின்கதவை ஃபைலாக வைக்காமல் டேட்டாபேஸிலேயே மெனு டேபிளில் ஒரு வரியாக வைத்தார்கள், ஃபைல்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.

இன்னொன்று சுருக்கமாக, இது உங்கள் முதலாவதைப் போலவே இருக்கும். 2017 மே மாதம் ஜூம்லா 3.7.0. சிவிஇ-2017-8917. பட்டியலை வரிசைப்படுத்த வரும் பாராமீட்டர் சரிபார்க்கப்படாமல் ஆர்டர் பை-க்குள் போனது. 3.7.1-இல் அடைத்தார்கள். உலகமெங்கும் பயன்பாட்டில் இருந்த ஒரு தளக் கட்டமைப்பின் மையக் கோடிலேயே இந்தப் பிழை வந்திருக்கிறது என்றால், உங்கள் அறிக்கைப் பக்கத்தில் வராது என்று லீட் எந்த அடிப்படையில் சொல்கிறார் என்று கேளுங்கள்.

வேப்பம்பூ:

நான் ஜாங்கோவில்தான் நெடுநாளாக வேலை செய்கிறேன், அதனால் இரண்டாவது மூன்றாவது பற்றி.

முதலில் ஜாங்கோ மேல் ஒரு நியாயம். மதிப்புகளைப் பொறுத்தவரை அதன் ஓஆர்எம் மிக நன்றாகவே காக்கிறது. கடந்த சில வருடங்களில் அதில் வந்த இன்ஜெக்‌ஷன் ஓட்டைகளை எடுத்து வரிசையாகப் படித்தால் பெரும்பாலும் ஒரே வகைதான்: டெவலப்பர் எழுத வேண்டிய இடத்தில் பயனர் எழுதியது வந்து உட்கார்ந்தது. 2021 ஜூலையில் வந்த சிவிஇ-2021-35042, ஆர்டர்_பை-க்குப் பயனர் கொடுத்ததை நேராக அனுப்பினால் இன்ஜெக்‌ஷன். 3.1-இல் பழைய எழுத்துமுறை ஒன்றைக் கைவிடுவதற்கு ஏற்பாடு செய்தபோது, ஏற்கெனவே இருந்த சரிபார்ப்பு ஒரு பாதையில் நழுவிவிட்டது. 3.2.5-இல் அடைத்தார்கள், எனவே உங்களிடம் இது இல்லை. 2022 ஏப்ரலில் சிவிஇ-2022-28346, அனோடேட், அக்ரிகேட், எக்ஸ்ட்ரா மூன்றுக்கும் டிக்‌ஷனரியை விரித்துக் கொடுத்தால் அதன் கீ ஏலியஸ் பெயராகிக் குவெரிக்குள் போகும். திருத்தம் 3.2.13. அதே வருடம் ஜூலையில் சிவிஇ-2022-34265, ட்ரங்க், எக்ஸ்ட்ராக்ட் என்ற தேதி ஃபங்ஷன்களில் "மாதமா வருடமா" என்ற தேர்வைப் பயனரிடமிருந்து நேராக வாங்கினால். திருத்தம் 3.2.14. இவை இரண்டும் 3.2.12-இல் திறந்தே இருக்கின்றன, மாதாந்திர அறிக்கை என்று சொல்கிறீர்கள், அங்கே மாதம் / காலாண்டு / வருடம் என்று தேர்வு இருந்தால் அந்த இடத்தை இன்றைக்கே பாருங்கள். அந்த அறிவிப்பிலேயே, தெரிந்த பட்டியலுக்குள் தேர்வைக் கட்டுப்படுத்திய செயலிகளுக்குப் பாதிப்பில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஏரிக்கரை சொன்ன டிக்‌ஷனரி வழி அது இருந்த இடத்தில் எல்லாம், பேட்ச் வருவதற்கு முன்பே ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது உங்கள் ஃபில்டர் விஷயம், எனக்கு இதுதான் மூன்றிலும் பெரிய கவலை. 2025 நவம்பரில் சிவிஇ-2025-64459 வந்தது. ஃபில்டர், எக்ஸ்க்ளூட், கெட் ஆகியவற்றுக்கு டிக்‌ஷனரியை விரித்துக் கொடுக்கும்போது அதில் _கனெக்டர் என்ற கீ இருந்தால், நிபந்தனைகளை இணைக்கும் ஆண்ட் இருக்க வேண்டிய இடத்தில் பயனர் அனுப்பியது போய் உட்காரும். ஆண்டுக்குப் பதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் குவெரியே அவருடையதுதான். நீங்கள் எழுதியிருக்கும் கோடு அப்படியே அந்த அறிவிப்புக்கு எடுத்துக்காட்டு மாதிரி இருக்கிறது. 4.2.26, 5.1.14, 5.2.8 பதிப்புகளில் திருத்தினார்கள். 3.2-க்கு ஆதரவு 2024 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டதால் அதற்குத் திருத்தம் வெளியிடவில்லை.

ஆனால் பதிப்பை உயர்த்திவிட்டால் இந்தப் பக்கம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இன்ஜெக்‌ஷன் ஒன்றுமே இல்லாமல், ஜாங்கோவின் முறையான வசதியை வைத்தே தரவை எடுக்கலாம். ஃபில்டரின் கீயில் இரட்டை அடிக்கோடு போட்டு உறவுகளின் வழியே எந்த டேபிளுக்கும் போகலாம் இல்லையா? உங்கள் சரக்கு மாடலில் உருவாக்கியவர் என்று யூசருக்கு ஒரு தொடர்பு இருந்தால், உருவாக்கியவர்__பாஸ்வேர்ட்__ஸ்டார்ட்ஸ்வித் என்று யூஆர்எல்லில் எழுதி ஓர் எழுத்தைக் கொடுத்தால் போதும். பட்டியல் வந்தால் அந்த எழுத்து சரி, காலியாக வந்தால் தவறு. அட்மினின் பாஸ்வேர்ட் ஹாஷ் முழுவதும் இப்படியே வெளியே வந்துவிடும். இதற்கு சிவிஇ எண் எதுவும் கிடையாது, பேட்சும் வராது, ஏனென்றால் ஜாங்கோ சொன்னதைத்தான் செய்கிறது. ஆர்டர்_பை-க்கும் இதே ஆபத்து உண்டு, பாஸ்வேர்ட் ஹாஷ் வாரியாகப் பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னால் மறுக்காது.

அதனால் இரட்டை நட்சத்திரத்துக்கும் யூஆர்எல்லுக்கும் இடையில் கட்டாயம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். ஜாங்கோ-ஃபில்டர் பயன்படுத்தினால் எந்தக் கட்டத்தில் எந்த வகை ஒப்பீடு அனுமதி என்று வெளிப்படையாக எழுதலாம். ஆனால் அங்கேயும் எல்லாக் கட்டங்களையும் சேர் என்று ஒரே சொல்லில் கொடுக்க வசதி இருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

குறுக்குத்தெரு:

இவ்வளவு வேலை எதற்கு? முன்னால் ஒரு வெப் அப்ளிகேஷன் ஃபயர்வால் வைத்தால் செலக்ட், யூனியன் எல்லாம் வரும்போதே தடுத்துவிடுமே. எங்கள் இடத்தில் அப்படித்தான் ஓடுகிறது.

வேப்பம்பூ:

ஃபயர்வால் இருக்கட்டும், எடுக்க வேண்டாம். அறிவிப்பு வந்த நாளுக்கும் நீங்கள் பேட்ச் செய்யும் நாளுக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். ஆனால் உருவாக்கியவர்__பாஸ்வேர்ட்__ஸ்டார்ட்ஸ்வித் என்பதில் செலக்ட் எங்கே இருக்கிறது, மேற்கோள் எங்கே இருக்கிறது? அது சாதாரணத் தேடல் மாதிரிதான் ஃபயர்வாலுக்குத் தெரியும். உங்கள் செயலிக்கு எந்தக் கட்டம் பொது, எது ரகசியம் என்று அதற்குத் தெரிய வழியில்லை.

குறுக்குத்தெரு:

சரி, புரிகிறது. ஸ்டோர்ட் ப்ரொசீஜராக மாற்றினால்?

ஏரிக்கரை:

ப்ரொசீஜருக்குள் குவெரியைச் சரமாக ஒட்டி எக்ஸிக்யூட் செய்தால் ஓட்டை இடம் மாறும், அவ்வளவுதான். ஆர்டர் பை-யை மாற்றக்கூடியதாக வைக்க அங்கேயும் ஆட்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

புங்கமரம்:

ஜாங்கோ அல்லாதவர்களுக்கும் பயன்படட்டும் என்று சேர்க்கிறேன். பிஎச்பி கட்டமைப்பான லாராவெல்லின் ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருக்கிறது, நெடுவரிசைப் பெயரை பைண்ட் செய்ய பிடிஓ இடம் தராது, எனவே ஆர்டர் பை உட்பட எந்த நெடுவரிசைப் பெயரையும் பயனரின் உள்ளீடு தீர்மானிக்க விடாதீர்கள் என்று. ரா என்று முடியும் ஃபங்ஷன்களைப் பார்த்துப் பயப்படும் பலரும் சாதாரண ஆர்டர்பை-க்குள் பாராமீட்டரை யோசிக்காமல் போடுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். வேர்ட்பிரஸ் 6.2-இல் ப்ரிப்பேர் ஃபங்ஷனுக்கு டேபிள், நெடுவரிசைப் பெயர்களுக்கென்றே தனி ப்ளேஸ்ஹோல்டர் கொடுத்தார்கள். அது பெயரை பேக்டிக்குக்குள் ஒழுங்காக வைக்கும், நல்ல விஷயம், ஆனால் எந்தப் பெயர் அனுமதி என்பதை அது முடிவு செய்யாது, அந்த வேலை உங்களுடையது.

நோட் (சர்வரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்) பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. மைஎஸ்க்யூஎல் பேக்கேஜில் கேள்விக்குறி போட்டுத்தானே எழுதியிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். எக்ஸ்பிரஸ் ஜேசனை வாங்கும்போது பாஸ்வேர்ட் சரமாக வரும் என்று நினைப்பீர்கள், எதிரே இருப்பவர் ஆப்ஜெக்டாக அனுப்பலாம். அந்த டிரைவர் ஆப்ஜெக்டை நெடுவரிசை = மதிப்பு என்று விரிக்கும், பாஸ்வேர்ட் என்ற நெடுவரிசையை அதனோடேயே ஒப்பிட வைத்து லாகினைத் தாண்டிவிடலாம். வந்தது சரமா என்று வகையைச் சரிபாருங்கள், டிரைவரில் ஸ்ட்ரிங்கிஃபைஆப்ஜெக்ட்ஸ் என்ற அமைப்பையும் ட்ரூ ஆக்குங்கள். மோங்கோவில் டாலர் குறியோடு வரும் ஆப்பரேட்டர்களை உள்ளே விடும் சிக்கலும் இந்தக் குடும்பம்தான்.

மூன்றாம்மாடி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கல்மண்டபம் எழுதியதை லீடிடம் அப்படியே காட்டினேன். அமைதியாகப் படித்தார், சரி, மூன்றையும் சரிசெய்வோம் என்றார். சார்ட்டுக்கு டிக்‌ஷனரி போட்டாகிவிட்டது. தேடல் பக்கத்துக்கு அனுமதிப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் மூன்று கேள்விகள். இந்தக் கோடு நெடுநாளாக வெளியே இருந்திருக்கிறது, யாராவது ஏற்கெனவே உள்ளே வந்தார்களா என்று எப்படிப் பார்ப்பது? இதே போல வேறு இடங்களில் இருக்கிறதா என்று முழுக் கோடிலும் எப்படித் தேடுவது? ஏற்றுமதிப் பக்கத்தில் எந்தெந்த நெடுவரிசைகள் வேண்டும் என்று பயனரே டிக் செய்கிறார், நாற்பதுக்கு மேல் இருக்கும், அவ்வளவையும் கையால் எழுத வேண்டுமா, மாடலிலிருந்தே பெயர்களை எடுத்துக்கொள்ளலாமா? இல்லாவிட்டால் பெயரை மேற்கோளுக்குள் வைக்கும் ஜாங்கோவின் கோட்_நேம் ஃபங்ஷனில் போட்டு அனுப்பினால் சரியா?

ஏரிக்கரை:

கடைசியிலிருந்து வருகிறேன். கோட்_நேமை நம்ப வேண்டாம், அது பாதுகாப்புக்காக எழுதப்பட்டது இல்லை. மைஎஸ்க்யூஎல்லுக்கான அதன் கோடு இரண்டு மூன்று வரிதான், திறந்து பாருங்கள்: பெயர் ஏற்கெனவே பேக்டிக்கில் தொடங்கி பேக்டிக்கில் முடிந்தால் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும், இல்லையென்றால் இருபுறமும் பேக்டிக் போடும். நடுவில் இருக்கும் பேக்டிக்கை எஸ்கேப் செய்வதில்லை. போஸ்ட்க்ரெஸ் பக்கம் சைகோபிஜி-யில் ஐடென்டிஃபையர் என்று ஒன்று இருக்கிறது, அது ஒழுங்காக எஸ்கேப் செய்யும், ஆனால் உங்களிடம் மைஎஸ்க்யூஎல்.

மாடலிலிருந்து எல்லாப் பெயர்களையும் எடுப்பதும் வேண்டாம். இன்றைக்குப் பாதுகாப்பாகத் தெரியும், நாளைக்கு யாராவது அந்த மாடலில் கொள்முதல் விலையையோ லாப விகிதத்தையோ சேர்ப்பார்கள், அது தானாகவே ஏற்றுமதிக்குள் வந்துவிடும். நாற்பது பெயரை ஒருமுறை எழுதுங்கள். எப்படியும் எக்செல்லில் தலைப்பு தமிழிலோ ஆங்கிலத்திலோ அழகாக வர வேண்டும் அல்லவா, அந்தத் தலைப்பும் உண்மையான நெடுவரிசையும் இருக்கும் அதே டிக்‌ஷனரிதான் அனுமதிப் பட்டியலும்.

உள்ளே வந்தார்களா என்பதற்கு, உங்கள் இரண்டு பக்கமும் கெட் முறையில் வருவதால் பாராமீட்டர்கள் வெப் சர்வரின் ஆக்சஸ் லாகில் இருக்கும், அது ஒரு நல்வாய்ப்பு, போஸ்ட்டாக இருந்தால் இந்த வசதி கிடைக்காது. அறிக்கைப் பக்கத்தின் சார்ட் பாராமீட்டரில் உங்களுக்குத் தெரிந்த நெடுவரிசைப் பெயர் அல்லாத எதுவும், முக்கியமாக அடைப்புக்குறி, இடைவெளி, கேஸ், செலக்ட், ஸ்லீப். யூஆர்எல்லில் அடைப்புக்குறியும் இடைவெளியும் சதவீதக்குறியோடு குறியீடாகி வரும், எனவே டீகோட் செய்துவிட்டுத் தேடுங்கள். தேடல் பக்கத்தில் பாஸ்வேர்ட், _கனெக்டர், நீங்கள் வைக்காத இரட்டை அடிக்கோட்டுப் பாதைகள். ஒரே முகவரியிலிருந்து ஓர் எழுத்து மட்டும் மாறி மாறி நூற்றுக்கணக்கில் கோரிக்கைகள் இருந்தால் அது மனிதர் தேடியது இல்லை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்தி, லாகைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள், எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வையுங்கள். லாக் எத்தனை நாளில் அழிகிறது என்பதையும் இப்போதே பாருங்கள், பல இடங்களில் லாக்ரொடேட் சில வாரங்களில் பழையதை அழித்துவிடும்.

அறிக்கைப் பக்கத்துக்கு மட்டும் தனி டேட்டாபேஸ் யூசர் ஒன்று உருவாக்கி, அந்த அறிக்கைக்கு வேண்டிய டேபிள்களில் செலக்ட் உரிமை மட்டும் கொடுங்கள். ஜாங்கோவில் இரண்டாவது இணைப்பாக வைத்து அந்தக் குவெரியை அதன் வழியே அனுப்பினால் போதும். நாளைக்கு வேறு ஓட்டை வந்தாலும் யூசர் டேபிள் வரை கை எட்டாது.

வேப்பம்பூ:

கோடில் தேட: ரா, எக்ஸ்ட்ரா, ராஎஸ்க்யூஎல், கர்சர் எக்ஸிக்யூட் ஆகிய நான்கையும் தேடி ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். பேண்டிட் என்ற இலவசக் கருவியை ஓட்டினால் சரமாக ஒட்டிய எஸ்க்யூஎல்லை பி608 என்றும், எக்ஸ்ட்ரா, ராஎஸ்க்யூஎல் பயன்பாட்டை பி610, பி611 என்றும் காட்டும். ஆனால் உங்கள் ஃபில்டர் வகையை அது கண்டுபிடிக்காது, அதற்கு இரட்டை நட்சத்திரம் வரும் இடங்களைத் தேடி, அந்த டிக்‌ஷனரி எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை, ஒரு பிற்பகல் பிடிக்கும்.

மூன்றாம்மாடி:

புரிந்தது. கடைசியாக ஒன்று, பதிப்பு உயர்வுக்கு அறிக்கையில் என்ன தேதி கொடுக்கலாம்? லீட் 3.2.25-க்குப் போய்விட்டால் இப்போதைக்குப் போதும் என்கிறார்.

வேப்பம்பூ:

3.2.25-க்கு இந்த வாரமே போய்விடுங்கள், அதே வரிசைக்குள் என்பதால் பெரிதாக எதுவும் உடையாது, 2022-இல் வந்த இரண்டும் அடைபடும். ஆனால் அதை முடிவாக எழுதாதீர்கள், இடைக்கால ஏற்பாடு என்று எழுதுங்கள். இலக்கு 5.2, நீண்டகால ஆதரவுப் பதிப்பு, 2028 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். நேராகத் தாவாமல் 4.2-இல் ஒருமுறை நின்று, எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும்படி டெஸ்ட் ஓட்டிச் சரிசெய்துவிட்டு மேலே போங்கள். தேதி கொடுப்பதற்கு முன் சர்வரில் மைஎஸ்க்யூஎல் எந்தப் பதிப்பு என்று பாருங்கள், ஜாங்கோ 4.2 முதல் மைஎஸ்க்யூஎல் 5.7 கிடையாது, 8 வேண்டும். 5.2-க்கு பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல். சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் காவல்) நம்பகத் தளங்களின் பட்டியலில் 4.0 முதல் எச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு எழுத வேண்டும், அதை விட்டுவிட்டால் படிவங்கள் 403 காட்டலாம். 5.7-இல் இருந்தால் டேட்டாபேஸ் மாற்றம்தான் அதிக நாள் எடுக்கும், அந்தக் கணக்கை வைத்துத் தேதி எழுதுங்கள். அதுவரை ஃபில்டர் பக்கத்தின் பட்டியல் மட்டும் நாளைக்கே சர்வருக்குப் போய்விட வேண்டும், அது எந்தப் பதிப்பையும் எதிர்பார்க்கவில்லை.